சுனையை விட்டுப் பிரியாத நத்தை

கேள்வி: மழைக்காலத்தில் மாத்தேரான் சென்றிருந்தபோது, பாறை இடுக்கில் நீர் கசியும் இடத்தில் மிளகைவிடச் சிறிய நத்தைகள் ஒட்டியிருந்தன. என் மகன் நான்கைந்தைப் பாட்டிலில் எடுத்துவந்து மீன் தொட்டியில் விட்டான்; இரண்டே நாளில் அசைவற்றுப் போயின. இவை பெரிய நத்தையின் குஞ்சுகளா? ஏன் பிழைக்கவில்லை?
– ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: சிறியதாக இருப்பதால் மட்டுமே ஒரு நத்தை குஞ்சு ஆகிவிடாது. ஐரோப்பிய மலைச்சுனைகளில் வாழும் பைத்தினெல்லா வகை நத்தைகள் முழுவதும் முதிர்ந்த பின்னும் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் உயரமே இருக்கும். ஓட்டின் சுருள்களை உருப்பெருக்கியில் எண்ணினால் வேறுபாடு புலப்படும். குஞ்சுக்கு ஒன்றிரண்டு சுருள்களே இருக்கும், முதிர்ந்ததற்கு நான்கைந்து இருக்கும்.

மாத்தேரான் அமைந்துள்ள சயாத்ரி என்னும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரப்பாறைகளில் கிரெம்னோகாங்கஸ் என்னும் நத்தையினம் உண்டு. அலை தெறிக்கும் கடற்பாறைகளில் ஒட்டி வாழும் லிட்டோரினிடே குடும்பத்தில், நன்னீரை வீடாக்கிக்கொண்டது இந்த ஓர் இனம் மட்டுமே. நம் பாந்த்ரா பாறைகளில் காணும் கடல் நத்தைகளின் உறவினர் மலை ஏறி அருவி ஓரத்தில் குடியிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. இந்த இனத்தில், மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த மூன்று வகைகளே முன்பு அறியப்பட்டிருந்தன; 2013இல் கர்நாடகப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேலும் ஆறு புதிய வகைகள் விவரிக்கப்பட்டன.

இனி, உங்கள் தொட்டி. மீன் தொட்டிகளில் எளிதாகப் பெருகும் நத்தைகளில் பல, நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரடியாகச் சுவாசிப்பவை. சுனை நத்தைகளோ செவுளால் சுவாசிப்பவை. ஊற்றுநீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சியில் இருப்பதால், அந்தச் சீரான குளிர்ச்சிக்கும் ஓயாமல் ஓடும் நீருக்கும் பழகியவை. மூடிய பாட்டிலில் வெயிலில் பயணம் செய்து, குளோரின் கலந்த குழாய்நீரில், தேங்கிய தொட்டியில் விடப்பட்டால் அவற்றுக்கு மூச்சு முட்டும்.

இவ்வகை நத்தைக்கு ஒவ்வொரு சுனையும் ஒரு தீவு. இடையிலுள்ள காய்ந்த சரிவைக் கடக்க இயலாததால், அடுத்தடுத்த சுனைகளில் கூட நெடுங்காலம் பிரிந்து வாழ்ந்து தனித்தனி வகைகளாக மாறிவிடுவதுண்டு. அதனால் ஒரு ஊற்று வற்றினால் ஒரு வகையே அழியக்கூடும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், புருனோ ஆற்றங்கரை வெந்நீர் ஊற்றுகளில் வாழும் நத்தையை 1993இல் அழியும் நிலையிலுள்ள உயிரினமாக அறிவித்ததற்கு, பாசனத்துக்காக நிலத்தடி நீர் உறிஞ்சப்பட்டு ஊற்றுகள் சுருங்கியதே முக்கியக் காரணம்.

மகனைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவனுடைய ஆர்வம் அரியது. அடுத்த முறை பாட்டிலுக்குப் பதில் ஓர் உருப்பெருக்கியைக் கொடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து, இடத்தையும் நாளையும் அவன் குறித்துவைக்கட்டும். கசிவின் மேல் ஒட்டியுள்ள பாசியே அவற்றின் உணவு என்பதால், அதன்மேல் கால் வைக்காமல் ஓரமாக நின்று பார்க்கச் சொல்லுங்கள்.