பெண் பார்க்க வருமுன் போன் நம்பரைத் தேடினால்

கேள்வி: மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம். மாப்பிள்ளை வீட்டார் அவளுடைய நம்பரைச் செயலியொன்றில் தேட, யாரோ ஓர் ஆணின் பெயர் வந்ததாம். அவளுடைய படத்தைப் போட்டு "இந்தப் பிள்ளையைத் தெரியுமா?" என்று முகநூல் குழுவிலும் கேட்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: அம்மா, முதலில் மகளைக் குடைந்து கேட்காதீர்கள். அந்தச் செயலிகளில் வரும் பெயர் நம்பரின் சொந்தக்காரர் கொடுத்ததாக இருக்கவேண்டும் என்றில்லை. மற்றவர்கள் சூட்டிய பெயரும் வரும். பாவிக்காமல் விட்ட நம்பரைக் கம்பனிகள் பிறகு வேறொருவருக்குக் கொடுப்பதும் உண்டு. பழைய ஆளின் பெயர் அங்கேயே கிடக்கும். இதை மாப்பிள்ளை வீட்டாரிடம் நேரே சொல்லுங்கள். ட்ரூகாலர் என்றால், நம்பரைப் பட்டியலிலிருந்து எடுக்க அதன் இணையத்தளத்திலேயே வழி உண்டு. மகளும் அதைப் பாவித்தால் முதலில் கணக்கை மூடவேண்டும்.

எனக்குப் பெரிய கவலை அந்தப் படம்தான். நம் பக்கத்தில் தாய்வழிக் குடி என்னவென்று கேட்பதும் அயலில் விசாரிப்பதும் காலங்காலமாக நடப்பவை. அயலில் சொன்னவர் யாரென்று தெரியும். பொய் என்றால் வீட்டுக்கே போய்க் கேட்கலாம். பொய்க் கணக்கிலிருந்து ஒருவர் எழுதும் ஒரு வரியை யாரிடம் போய்க் கேட்பது? பதிலே வராவிட்டாலும் கேள்வி அங்கே நிற்கும், பார்ப்பவர்கள் 'ஏதோ இருக்கு' என்று நினைப்பார்கள். 2019 ஏப்ரலில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அதே வாரம், பொலிஸார் வெளியிட்ட சந்தேகநபர்களின் படங்களில் ஒன்று சம்பந்தமே இல்லாத அமெரிக்க மாணவியுடையது. பொலிஸார் தவறை ஏற்றுத் திருத்தினார்கள். அதற்குள் படம் பரவி அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்துவிட்டன.

ஆகவே தாமதிக்க வேண்டாம். பதிவையும் கருத்துகளையும் இணைப்போடு ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். பிறகு தரகர் மூலமோ குடும்பப் பெரியவர் மூலமோ, போட்டவரையே அழிக்கச் சொல்லுங்கள். சண்டையாகப் போனால் பதிவு இன்னும் பரவும். அழிக்காவிட்டால் மகள் தன் கணக்கிலிருந்தே, தன் படத்தை அனுமதியின்றிப் போட்டதாக முகநூலுக்கும் குழு நிர்வாகிக்கும் முறையிடட்டும். அசிங்கமான கருத்தோ மிரட்டலோ வந்தால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டுக்கு 101 என்ற தொலைபேசி இலக்கத்தில் சொல்லுங்கள். பொலிஸிலும் முறைப்பாடு கொடுங்கள். அழித்த பிறகும் கூகுளில் பழைய வரி தெரிந்தால், காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கோரும் பக்கம் கூகுளிலேயே இருக்கிறது.

மாப்பிள்ளையின் பெயரை நீங்களும் தேடியிருப்பீர்கள். அங்கே கண்டதை ஊரில் கதைக்காமல் அவரிடமே கேளுங்கள். மகளின் முகநூல் அமைப்புகளில், நம்பரை வைத்து யார் தேடலாம் என்ற இடத்தில் 'நான் மட்டும்' என்று இன்றைக்கே மாற்றிவிடச் சொல்லுங்கள்.