பதில்: \கோர்வை1 என்ற கட்டளையை இசைக்குறிப்புகளை அச்சுவடிவாக்கும் மென்பொருளான லில்லிபாண்ட் ஏன் ஏற்கவில்லை?

பெயரின் இறுதியிலுள்ள 1 தான் தடை. லில்லிபாண்டில் பின்சாய்வுக்கோட்டை (\) அடுத்து நேராக எழுதும் பெயரில் இலக்கம் வரக்கூடாது. இலக்கம் வந்தவுடன் பெயர் முடிந்துவிட்டதாகக் கொண்டு, \கோர்வை என்ற ஒன்றைத் தேடி, அது இல்லாததால் பிழை காட்டுகிறது. தமிழ் எழுத்துகளுக்குத் தடையில்லை. ஆகவே \முதற்கோர்வை, \முடிவுக்கோர்வை என்று மாற்றுங்கள். எண்ணைவிட இவை பொருளையும் தெளிவாகச் சொல்லும்.

அதேபோல், எடுப்பு (தாளத்தில் பாடல் தொடங்கும் இடம்) விழும் சுரத்தைச் சிவப்பாக்கும் கட்டளைக்கு நீங்கள் இட்டிருக்கும் \சிவப்பு என்ற பெயரை \எடுப்பு என்று மாற்றுவதே நல்லது என்பேன், ஏனெனில் நாளை நிறத்தை மாற்றினாலும் அந்தப் பெயர் பொய்யாகாது.

மாற்றிய பின்னும் பிழை வந்தால், "கோ" எழுதப்பட்ட விதத்தைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் எங்களில் பலர் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பழகியவர்கள். பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும்போது "ோ" சில வேளை ஒரே குறியாக அல்லாமல் "ே", "ா" என்ற இரண்டு குறிகளாக அமைந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மென்பொருளுக்கு வெவ்வேறு பெயர்கள்.

1. "கோ"வுக்கு அடுத்துச் சுட்டியை வைத்து, பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்துங்கள்.
2. "கே" எஞ்சினால் அது பிளந்த வடிவம். "க" எஞ்சினால் ஒற்றைக் குறி.
3. வரையறையிலிருந்து பெயரை நகலெடுத்து, பயன்படுத்தும் இடமெல்லாம் ஒட்டுங்கள்.

சில உரைத் தொகுப்பான்கள் எழுத்து முழுவதையும் ஒரே அழுத்தில் அழித்துவிடுவதால், அங்கே இரண்டாம் படி எதையும் காட்டாது. நேராக மூன்றாம் படிக்குச் செல்லுங்கள்.