எபிஸ்கோபல் சபை எல்லாரையும் ஏற்கும் என்கிறார்கள். முதல் முறை போனால் என்ன நடக்கும்?

(கேட்டவர் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு தாய். அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மகன் தன்பாலின ஈர்ப்புள்ளவர். தானும் தன் துணைவரும் போகும் கோயிலுக்கு அம்மாவையும் அழைத்திருக்கிறார்.)

சகோதரி, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. குடும்பம்தான், இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் மகள் தன்னைப் பற்றி எங்களிடம் சொன்ன வருஷம், நாங்கள் போய்க்கொண்டிருந்த ஒரு ஜெபக் கூடுகையில் அவளை மனதில் வைத்தே பிரசங்கம் செய்தார்கள். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் கோயில் வாசலை மிதிக்கவில்லை. கடைசியில் அவள்தான் என்னை எபிஸ்கோபல் சபைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

முதலில் ஒன்று. அது உங்களுக்கு அந்நியமாக இருக்காது. எபிஸ்கோபல் சபை ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழியில் வந்தது. நமக்கும் அவர்களுக்கும் முழு ஐக்கியம் உண்டு, அதாவது ஒருவர் திருவிருந்தில் மற்றவர் பங்குபெறலாம். வேதபாடம், சங்கீதம், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், விண்ணப்பங்கள், பாவ அறிக்கை, திருவிருந்து என்று எல்லாம் உங்களுக்குப் பழக்கமானதுதான், வரிசை மட்டும் கொஞ்சம் முன்பின் மாறும். 1979-ல் வெளியான ஜெபப் புத்தகத்தைப் பயன்படுத்துகிறார்கள். வாசலிலேயே அன்றைய ஆராதனை முறையை அச்சடித்துக் கொடுப்பார்கள். எப்போது எழும்புவது, எப்போது முழங்கால் போடுவது என்று பயப்பட வேண்டாம். முழங்கால் வலிக்கிறவர்கள் உட்கார்ந்தே ஜெபிக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

செருப்பை வெளியே கழற்ற வேண்டாம். ஆண் பக்கம், பெண் பக்கம் கிடையாது. முக்காடும் தேவையில்லை. ஆனால் நான் இன்றைக்கும் போட்டுக்கொள்கிறேன், அதையும் யாரும் கேட்டதில்லை. எங்கள் கோயிலில் காலை எட்டு மணி ஆராதனையில் பாட்டு இல்லை. பாடகர் குழு பாடுவது அடுத்த ஆராதனையில்தான். நீங்கள் அதற்கே போங்கள்.

ஆராதனையை நடத்துவது ஒரு பெண்ணாக இருக்கலாம். 1976-ல் இந்தச் சபை பெண்களுக்குக் குருத்துவ அபிஷேகம் கொடுக்கத் தீர்மானித்தது. 1989-ல் பார்பரா ஹாரிஸ் உலக ஆங்கிலிக்கன் சபைகளிலேயே முதல் பெண் பேராயர் ஆனார். அவர் ஒரு கறுப்பினப் பெண். அதே 1976-ல்தான், தன்பாலின ஈர்ப்புள்ளவர்களும் தேவனுடைய பிள்ளைகள், சபையின் அன்பிலும் ஏற்பிலும் பராமரிப்பிலும் அவர்களுக்கு முழு உரிமை உண்டு என்று பொதுப் பேரவை தீர்மானம் போட்டது. 2003-ல் துணைவருடன் வெளிப்படையாக வாழ்ந்த ஜீன் ராபின்சன் நியூ ஹாம்ப்ஷயரில் பேராயராக அபிஷேகம் பெற்றார். 2015-ல் சபை தன்பாலினத் திருமணத்துக்கும் வழி திறந்தது. இது எதுவும் சும்மா வந்துவிடவில்லை. இதனால் பல சபைகள் பிரிந்து போயின, பழைய சிநேகங்கள் முறிந்தன. இன்றும் எல்லா ஊரிலும் ஒரே மனம் என்று சொல்ல மாட்டேன். உங்கள் மகன் போகும் இடம் எப்படி என்று அவரிடமே கேளுங்கள்.

சமாதானம் பகிரும் நேரம் வந்ததும் கோயிலே கலகலப்பாகிவிடும். நம் ஊரில் ஒருவர் கையை மற்றவர் இரு கைக்குள் வாங்கி அமைதியாகக் கடத்துவோமே, இங்கே இருக்கையை விட்டு நடந்து வந்து கை கொடுப்பார்கள், சிலர் கட்டிக்கொள்வார்கள். உங்களுக்குக் கூச்சமாக இருந்தால் கை கூப்புங்கள், அவர்களும் கூப்புவார்கள். இந்தச் சமாதானப் பகிர்வை மற்ற சபைகள் திரும்ப எடுத்துக்கொள்ள நம் சி.எஸ்.ஐ.யின் 1950 திருவிருந்து முறையும் ஒரு காரணம் என்று எங்கள் குருவானவர் அம்மா சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திருவிருந்தைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கும். திடப்படுத்தல் ஆகியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை, ஞானஸ்நானம் பெற்ற எவரும் பெறலாம். இடது கைமேல் வலது கையை விரித்துப் பிடியுங்கள், அப்பத்தை அதில் வைப்பார்கள். திராட்சரசக் கிண்ணம் வேண்டாம் என்றால் அப்பத்தோடு திரும்பிவிடலாம். எதுவுமே பெற மனமில்லை என்றால் கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஆசீர்வாதம் மட்டும் கொடுப்பார்கள். நான் முதல் வாரம் அப்படித்தான் நின்றேன். எனக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்கள், ஒருவர் இடுப்பில் குழந்தை. குருவானவர் அம்மா அப்பம் கொடுக்கக் குனிந்ததும் அந்தக் குழந்தை அவருடைய கழுத்துப் பட்டையை எட்டிப் பிடித்து இழுத்தது. விரலை ஒவ்வொன்றாக மெதுவாக விலக்கிவிட்டு, குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டார். அப்புறம் என் தலையில் கை வைத்தார். அந்தக் கை இன்னும் குழந்தையின் எச்சிலில் ஈரமாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும் காப்பி உண்டு. பெயர் கேட்பார்கள், எந்த ஊர் என்பார்கள். "என் மகன், இவர் அவனுடைய துணைவர்" என்று நீங்கள் சொன்னால், "இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பதுதான் பதிலாக வரும். ஊரில் நான் எத்தனையோ கலியாண வீடுகளில் தொண்டையிலேயே விழுங்கிய வார்த்தை அது. இங்கே சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

இருக்கைகள் எல்லாம் பின்வரிசை வரை காலியாகத்தான் கிடக்கும், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஒன்று மட்டும் முன்னாலேயே மகனிடம் கேட்டு வையுங்கள். இங்கே வேதபாடத்தைச் சபையார் முறை வைத்து வாசிப்பார்கள். அன்றைக்கு அவருடைய முறை என்றால், முன்வரிசையில் போய் உட்காருங்கள்.