மூன்று சில்லு இருந்தால் ஓடலாம் என்று நினைக்க வேண்டாம், தங்கச்சி

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். ரொறன்ரோ வந்து ஐந்து மாதம், ஸ்காபரோவில் அப்பாட்மென்ற், பிள்ளைக்கு நாலு மாதம், கார் இல்லை, கணவருக்கு இரவு வேலை. கடைக்கும் டொக்ரரிடமும் போக வேண்டும், மெல்ல மெல்ல ஓடவும் தொடங்க வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து மூன்று சில்லு வைத்த சின்ன ஸ்ரோலர், அதுதான் பிள்ளையை இருத்தித் தள்ளுகிற வண்டி, ஒன்று சொல்லுங்கோ என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நிறத்தில் ஊத்தை தெரியாது, கோப்பி வைக்கிற தட்டு தேவையா, அம்மா வரும்போது என்ன கொண்டுவரச் சொல்லலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். நிறம் உங்கள் விருப்பம். தட்டு இல்லாமலும் பிள்ளை வளரும். மற்றதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் உங்கள் இடத்தில் நான் நின்றிருக்கிறேன்.

முதலில் ஒன்று. கடையில் மூன்று சில்லோடு நிற்பதெல்லாம் ஓடுகிற வண்டி இல்லை. பேபி ஜொக்கர் என்று ஒரு கம்பனி இருக்கிறது. ஜொக்கர் என்றால் மெல்ல ஓடுகிறவர், பெயரிலேயே ஓட்டம் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய சிற்றி மினி ஜிரி 2 என்ற மூன்று சில்லு மொடல் ஓடுவதற்கானது அல்ல, நடப்பதற்கானது. நல்ல வண்டிதான், ஒரு கையால் மடிக்கலாம், பஸ்ஸில் கொண்டுபோகலாம். பெயரைப் பார்த்து வாங்கி அதோடு ஓடுகிற ஆக்களை நான் இந்த ஊரில் கண்டிருக்கிறேன், அதனால்தான் சொல்லுகிறேன். அந்தக் கம்பனியின் தொடக்கமே ஓட்டம்தான். வாஷிங்டன் மாநிலத்து யாக்கிமாவில் ஃபில் பெக்லர் என்பவர் 1984இல் தன் மகனையும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும் என்று ஒரு சாதாரண ஸ்ரோலருக்குச் சைக்கிள் சில்லைப் பூட்டிப் பார்த்தார். இன்றைக்கும் ஓடுகிற வண்டி என்றால் அதுதான் அடையாளம்: காற்றடித்த பெரிய சில்லுகள், பின்னுக்குப் பெரும்பாலும் 16 அங்குலம், முன்னுக்கு 12. முன்சில்லு நடக்கும்போது எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும், ஓடும்போது நேராகப் பூட்டுப்பட வேண்டும். கைப்பிடியில் மணிக்கட்டில் மாட்டுகிற பட்டி இருக்க வேண்டும். பிள்ளைக்குத் தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கவட்டுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து இடத்தில் பிடிக்கிற பெல்ற். கைப்பிரேக் இருந்தால் இன்னும் நல்லது.

முன்சில்லுப் பூட்டைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2004 மே மாதம், என் மூத்தவளுக்கு எட்டு மாதம். தெரிந்த ஒரு குடும்பம் தந்த பழைய மூன்று சில்லு ஸ்ரோலர். மோர்னிங்சைட் பார்க்கில் ஒரு சின்ன இறக்கம். நான் பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு 400 மீற்றர் ஓடினவள். பிள்ளை பிறந்த பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காலை எட்டி வைத்தேன். பத்துப் பதினைந்து எட்டுத்தான் இருக்கும். முன்சில்லு இடமும் வலமும் நடுங்கத் தொடங்கியது, கைப்பிடி வழியாக அந்த நடுக்கம் முழங்கை வரை வந்தது. நிறுத்துவதற்குள் ஒரு குறுணிக்கல்லில் பட்டுச் சில்லு குறுக்கே திரும்பிவிட்டது. வண்டி முன்பக்கமாகக் குத்தி, பக்கவாட்டில் விழுந்தது. பிள்ளை பெல்ற்றில் தொங்கினாள். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. நான் கையை ஊன்றிய இடத்தில் உள்ளங்கை முழுக்கக் கல். நாயோடு நடந்து வந்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணி வண்டியை நிமிர்த்தி, முன்சில்லுக்கு மேலே இருந்த ஒரு சின்னச் சிவப்புத் திருகைக் காட்டினா. அதைத் திருகினால் சில்லு பூட்டுப்படும். வண்டியைத் தந்தவர்களுக்கும் அது தெரியாது, எனக்கும் தெரியாது. இப்போதும் யாராவது ஸ்ரோலரோடு ஓடுவதைக் கண்டால் என் கண் முதலில் முன்சில்லுக்குத்தான் போகும்.

ஆனால் நீங்கள் இப்போது ஓடக்கூடாது. நாலு மாதப் பிள்ளையின் கழுத்து அந்த அதிர்வைத் தாங்காது. கம்பனிகள் தங்கள் கைநூலில் ஆறு மாதம் அல்லது எட்டு மாதம் என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு, பிள்ளையின் டொக்ரரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளை தானாக நிமிர்ந்து இருந்து, தலையைத் திடமாகப் பிடிக்கும்வரை நடை மட்டும்தான். கார் சீற்றை ஸ்ரோலரில் கொழுவி ஓடுகிற வேலையும் வேண்டாம். அப்படிக் கொழுவுவது நடப்பதற்குத்தான். இரண்டு மாதம் வேகமாக நடந்தால் உங்கள் உடம்பும் ஓட்டத்துக்குத் தேறிவிடும். பிள்ளை பெற்ற உடம்பு வெளியே தெரிகிறதை விட உள்ளே மெல்லத்தான் ஆறும்.

சரி, இனிச் சின்ன வண்டி என்கிற கதைக்கு வருவோம். ஓடுகிற வண்டியும் வேண்டும், சின்னதாகவும் வேண்டும் என்றால் இரண்டும் முழுதாகக் கிடைக்காது. உதாரணத்துக்கு தூலே அர்பன் கிளைட் 2 என்ற வண்டியை எடுங்கள். இந்த வகையில் பாரம் குறைந்தது என்று பெயரெடுத்தது. அதுவே ஏறக்குறைய 11.5 கிலோ. அகலம் 69 சென்ரிமீற்றர், அதாவது 27 அங்குலம். அதில் ஏழெட்டுக் கிலோப் பிள்ளையும், பால்போத்தல் பையும், நோ ஃபிரில்ஸில் வாங்கிய அரிசியும் ஏறும். அதை யார் தூக்குவது? கணவர் இரவு வேலை என்றால் பகலில் நித்திரை. நீங்கள்தான். கடையில் விற்கிற பெடியன் ஒரு கையால் மடித்துக் காட்டுவான். அவனுடைய மற்றக் கையில் பிள்ளை இல்லை. நீங்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடித்து, தூக்கி, இரண்டு படி ஏறிப் பாருங்கள். கடைக்காரர் என்ன நினைப்பார் என்று யோசிக்க வேண்டாம். உங்கள் அப்பாட்மென்ற் கதவையும் லிஃப்ற் கதவையும், உள்ளே லிஃப்ற்றின் ஆழத்தையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

இதை நான் பேஸ்மென்ற்றில் படித்தேன். 2003இல் மார்க்கம் ரோட்டுக்குக் கிட்ட ஒரு தமிழர் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பதின்மூன்று படி, நடுவில் ஒரு முடக்கு. மேலே வாசலில் ஸ்ரோலரை விடக்கூடாது, தங்கள் சப்பாத்து வைக்கிற இடம் அது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பிள்ளையை முதலில் மேலே கொண்டுபோனால் குளிரில் எங்கே வைப்பது? ஸ்ரோலரை முதலில் கொண்டுபோனால் கீழே பிள்ளை தனிய. தைமாதக் குளிரில் ஒரு நாள் பிள்ளையை நெஞ்சில் கட்டி, வண்டியைத் தோளில் போட்டு ஏறினேன். நாரி நோவு அந்த மாரி முழுக்க விடவில்லை. அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழித்ததும் நானே, சரக்குக்கறி வைத்துச் சாப்பிட்டதும் நானே. எங்கள் ஆக்கள் எங்கள் ஆக்களுக்கு உதவுவார்கள் என்று நம்பி வருவோம். உதவுகிறவர்களும் இருக்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தானும் ஒரு காலத்தில் பேஸ்மென்ற்றில் இருந்ததை மேலே ஏறினதும் மறக்கிறவர்கள் கனபேர். அந்த வீட்டுக்காரர்கள் நல்லாய் இருக்கட்டும். அவர்கள் ஒரு மூலையை விட்டிருந்தால் எனக்கு அந்த மாரி வேறு மாதிரி இருந்திருக்கும்.

பஸ்ஸைப் பற்றியும் கேட்டீர்கள். 2023 ஜூலையில் ஸ்காபரோ ஆர்ரி என்ற ரயில் தடம் புரண்டு ஒரேயடியாக மூடிய பிறகு கெனடி ஸ்ரேஷனுக்குப் போக எல்லாரும் பஸ்தான், காலையில் நெரிசல். எங்கள் காலத்தில் படி வைத்த பழைய பஸ்கள் நிறைய ஓடின. பிள்ளை, மடித்த வண்டி, பை எல்லாத்தோடும் அந்த மூன்று படி ஏறுவது ஒரு தனி வேலை. இப்போது எல்லாப் பஸ்ஸும் தாழ்ந்த தளம், டிரைவரிடம் கேட்டால் பலகையை இறக்கிவிடுவார். கேட்க வெட்கப்பட வேண்டாம். ஏறினதும் பிரேக்கைப் போட்டுவிட்டு வண்டியைக் கையாலும் பிடியுங்கள். ரயில் மேடையில் இது இன்னும் முக்கியம். 2009 ஒக்ரோபரில் மெல்பேணில் ஆஷ்பர்ட்டன் ஸ்ரேஷனில் ஒரு தாய் கையை விட்ட ஒரு கணத்தில் பிள்ளை இருந்த வண்டி உருண்டு, வந்துகொண்டிருந்த ரயிலுக்கு முன்னால் விழுந்தது. பிள்ளை தப்பியது பெரிய அதிசயம். பெரிய சில்லு வண்டி சின்னச் சரிவிலும் உருளும். ரயில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் மேடையின் விளிம்புக்கு வண்டியின் முகத்தைத் திருப்பி நிறுத்த வேண்டாம். பையைக் கைப்பிடியில் கொழுவவும் வேண்டாம். பிள்ளையைத் தூக்கினதும் வண்டி பின்னுக்குக் கவிழும். கீழே கூடையில் போடுங்கள்.

காற்றடித்த ரயர் வேலை வைக்கும். குளிர் வந்தால் காற்று தானாகக் குறையும், மார்கழியில் ஒரு நாள் தொட்டுப் பார்த்தால் மெத்தை மாதிரி இருக்கும். அனேகமான வண்டிகளில் கார் ரயரில் இருக்கிற அதே வால்வுதான். ஒரு சைக்கிள் பம்ப் வாங்கி வைத்தால் போதும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்று ரயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கும், அதற்கு மேல் அடிக்க வேண்டாம். றோட்டில் போடுகிற உப்புத்தான் பெரிய எதிரி. வந்ததும் சில்லையும் அச்சையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். என் முதல் வண்டி இரண்டாம் மாரியிலேயே கறள் பிடித்துப் பிரேக் இறுகிப்போனது. ஸ்னோ தள்ளுகிற வாகனம் சந்திமுனையில் குவித்துவிட்டுப் போகிற பனிமேட்டில் சின்னச் சில்லு புதையும், பெரிய சில்லு ஏறும். தினப் பாவனைக்குக்கூட நான் பெரிய சில்லுப் பக்கம் நிற்பதற்கு அதுதான் காரணம்.

பழையது வாங்கலாமா? வாங்கலாம், என்னுடைய நல்ல வண்டியே பழைய சாமான் விற்கிற கிஜிஜி இணையத்தளத்தில் வாங்கினதுதான். ஆனால் மொடல் பெயரை அரசாங்கச் சுகாதாரத் திணைக்களமான ஹெல்த் கனடாவின் திரும்பப்பெறல் பட்டியலில், அதாவது பழுது கண்டு திரும்பப் பெற்ற பொருட்களின் பட்டியலில், போட்டுப் பாருங்கள். முன்சில்லைக் கழற்றிப் பூட்டி, பிறகு பிடித்து இழுத்துப் பாருங்கள். 2018இல் அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய கம்பனிமேல் வழக்கே போட்டது. ஓடும்போது முன்சில்லு கழன்றதாக ஏறக்குறைய 200 முறைப்பாடுகள், குறைந்தது 50 பிள்ளைகளுக்குக் காயம். முன்சில்லைக் கெதியாகக் கழற்றுவதற்கு வைத்திருக்கிற நெம்பு சரியாக இறுகாவிட்டால் அதுதான் நடக்கும்.

அம்மாவிடம் கொண்டுவரச் சொல்ல வேண்டாதவை இரண்டு. பிள்ளையை உள்ளே இருத்திச் சில்லில் உருட்டவிடுகிற நடைவண்டில் கனடாவில் 2004 ஏப்ரலிலிருந்து தடை; இறக்குமதியும் கூடாது, பழையதை விற்கவும் கூடாது. கார் சீற்றும் வேண்டாம், கனடாவின் பாதுகாப்பு முத்திரை ஒட்டாததை இங்கே பாவிக்க முடியாது. சரக்குத்தூளும் மெல்லிய பருத்திச் சட்டைகளும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளையைக் குளிரில் கொண்டுபோகாதே என்பார்கள். பத்து வருடம் இங்கே இருந்தும் ஒரு நாள் மாரியில் நடக்காதவர்கள்தான் அதிகம் சொல்லுவார்கள். வடிவாகப் போர்த்தினால் போகலாம். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம்: நீங்கள் ஓடுகிறீர்கள், உங்களுக்கு வேர்க்கும், பிள்ளை அசையாமல் இருக்கிறது, காற்று அதன் முகத்தில்தான் அடிக்கும். காற்றுக்குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். அந்த நாட்களில் மோலுக்குள் நடங்கள். கோடையில் இதற்கு மாறாக, வெயில் படக்கூடாது என்று சால்வையால் மூடிவிடுவார்கள். உள்ளே சூடு அடைபடும், மூட விடாதீர்கள்.

ஓட இடம் உங்களுக்கு நிறைய இருக்கிறது. மெடோவே என்று மின்கம்பிகளுக்குக் கீழே 16 கிலோமீற்றர் பசுமைவெளி ஸ்காபரோவின் குறுக்கே ரூஜ் பூங்கா வரை போகிறது. எனக்குப் பிடித்தது ஹைலண்ட் கிறீக் ஓரம். 2006இல் இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம் ஆன பிறகு, கிஜிஜி வண்டியில் அவனை வைத்து, முன்சில்லைப் பூட்டி, பட்டியை மணிக்கட்டில் மாட்டி, பல்கலைக்கழகத்துக்குக் கீழே பள்ளத்தாக்கால் ஏரி வரை போனேன். பாதி ஓட்டம், பாதி நடை. பாலம் தாண்டுகிற இடத்தில் அவனுக்கு நித்திரை. ஏரியில் அன்றைக்கு அலை இல்லை. கீரிமலையில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்த மாதிரி ஒரு கல்லில் இருந்து, கொண்டுபோன இடியப்பத்தைச் சம்பலோடு சாப்பிட்டேன். இந்த ஊர் எனக்கும் ஊர் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

கதவு அளவுகளை அனுப்புங்கள், எந்த மொடல் உள்ளே போகும் என்று பார்த்துச் சொல்லுகிறேன். பம்ப் வாங்க வேண்டாம், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.