ஃபைஸின் கவிதையில் வரும் காதலி யார்?

பாகிஸ்தானின் உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ் எழுதியது காதல் கவிதையா, அரசியல் கவிதையா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கவிதை கைநழுவிவிடும். காதலி, போட்டிக்காரன், கூண்டு, பூந்தோட்டம், விடியற்காற்று எல்லாம் கஜல் என்னும் உருதுக் காதல் கவிதை மரபில் நூற்றாண்டுகளாகப் புழங்கியவை. ஃபைஸ் அவற்றைத் தூக்கி எறியவில்லை. காதலியின் இடத்தில் நாட்டையும் புரட்சியையும் வைத்தார். 1951இல், அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாகத் தொடுக்கப்பட்ட ராவல்பிண்டி சதி வழக்கில் கைதானபின் கூண்டு மெய்யான சிறையாகவே ஆனது. அவர் சிறையில் இருந்தபோதே, 1952இல், 'தஸ்தே சபா' என்னும் அவரது கவிதைத் தொகுப்பு வெளிவந்தது.

இப்படி மறைத்துச் சொல்வதற்கு ஒரு விலை உண்டு. 1947 விடுதலையைப் பற்றிய 'சுப்ஹே ஆசாதி' (விடுதலையின் விடியல்) என்னும் கவிதை கறைபடிந்த விடியலைப் பேசுகிறது. கறைப்படுத்தியவர் யார் என்று சொல்வதில்லை. எதிரணியினரும் இதைத் தமதென்று சொல்லிக்கொள்ளலாமே என்று சாடியவர், ஃபைஸ் சார்ந்திருந்த அதே முற்போக்கு எழுத்தாளர் அணியின் கவிஞர் அலி சர்தார் ஜாஃப்ரி. நியாயமான குற்றச்சாட்டு. ஆனால் அந்தக் கவிதை இன்றும் வாசிக்கப்படுவதற்கு அந்தப் பூடகமே காரணம் என்பது என் கருத்து.

பாகிஸ்தானில் சிந்தி மொழியில் எழுதிய கவிஞர் ஷேக் அயாஸ் இதற்கு நேரெதிர். 1965 இந்திய-பாகிஸ்தான் போரை ஒட்டி, இந்தியாவில் வாழ்ந்த சிந்திக் கவிஞர் நாராயண் ஷ்யாமைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அவர்மீது எப்படித் துப்பாக்கி நீட்டுவேன் என்று எழுதினார். துரோகிப் பட்டம் வந்தது. ஃபைஸைப் படித்த கையோடு இவரையும் படியுங்கள். உருதுவை மட்டும் வைத்துப் பாகிஸ்தான் கவிதையை அளக்க முடியாது.