லயத்து இஸ்தோப்பில் ஒரு காட்டா: கராத்தே கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 1991 முதல் ஷோட்டோகான் என்னும் பாணிக் கராத்தே பயில்கிறேன். 2004 முதல் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் வருகிறேன். எங்கள் வாசிகசாலையில் பெற்றோரும் மாணவரும் துண்டுத் தாளில் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மாஸ்டர், வாரத்துக்கு ஒரு நாள்தான் வகுப்பு. வீட்டில் பயிற்சி செய்யலாம் என்றால் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஆறு பேர் இருக்கிறோம். என்ன செய்வது? (தரம் 10 மாணவன், டிக்கோயா)

தம்பி, நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், அதே பத்துக்குப் பன்னிரண்டு அறையில் வளர்ந்தவன். எனக்கு இருந்த இடம் வாசலில் உள்ள இஸ்தோப்பு, அதாவது முன்திண்ணை மட்டும்தான். அதிலும் ஓர் ஓரத்தில் விறகு அடுக்கியிருக்கும். அந்த இடத்துக்கென்றே செய்தது போல் ஒரு காட்டா, அதாவது தனியாகச் செய்து பழகும் அசைவுகளின் வரிசை, இருக்கிறது. அதன் பெயர் டெக்கி ஷோடான், கராத்தே பிறந்த ஒகினாவாத் தீவில் அதன் பழைய பெயர் நைஹான்ச்சி. முன்னால் ஓர் அடி கிடையாது, பின்னால் ஓர் அடி கிடையாது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கோட்டில், பக்கவாட்டில் மட்டும் நகர வேண்டும். டெக்கி என்றால் இரும்புக் குதிரை. குதிரைமேல் அமர்ந்தவனைப் போல் கால்களை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி நிற்கிறோம் அல்லவா, பெயர் அதனால் வந்தது.

எளிதாகத் தெரிகிறது என்று எண்ணிவிடாதே. ஷோட்டோகானை நிறுவிய கிச்சின் ஃபுனாகோஷி தம் ஆசிரியர் இட்டோசுவிடம் மூன்று டெக்கி காட்டாக்களைக் கற்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் செலவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு காட்டாவுக்கு மூன்று ஆண்டு என்பது வழக்கம்.

இப்படிச் செய்து பார். முதல் வாரம் கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கால்கள் மட்டும். பாதத்தைக் குறுக்கே எடுத்து வைக்கும்போது தலை மேலும் கீழும் ஆடக் கூடாது. அடுத்த வாரம் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு கைகள் மட்டும். மூன்றாம் வாரம் இரண்டையும் சேர். அம்மா மலைக்குப் போவதற்குமுன் ரொட்டி சுடுகிற நேரத்தில் இருபது நிமிடம் போதும். தினமும் இருபது நிமிடம் செய்பவனை, ஞாயிறன்று மட்டும் மூன்று மணி நேரம் வியர்வை சிந்துகிறவன் எட்டிப்பிடிக்க முடியாது. என் மாணவரிடம் இதை ஆண்டுதோறும் கண்ணால் பார்க்கிறேன்.

என் மகளுக்குப் பதினோரு வயது. சேர ஆசைப்படுகிறாள். பெண் பிள்ளைக்கு எதற்கு அடிதடி என்று வீட்டில் பெரியவர்கள் கேட்கிறார்கள். (கொழுந்து பறிக்கும் ஒரு தாய், கொட்டகலை)

அக்கா, நாளைக்கே அனுப்புங்கள். பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: உங்கள் மகள் முதல் மாதம் கற்பது அடிப்பதை அல்ல. விழாமல் நிற்பதையும், விழுந்தால் தலையில் அடிபடாமல் விழுவதையும், வயிற்றிலிருந்து குரல் எழுப்புவதையும் கற்கிறாள். அந்தக் குரலுக்குக் கியாய் என்று பெயர். நெரிசலான பஸ்ஸில் ஒருவன் தகாதபடி நெருங்கினால் முதலில் பயன்படுவது அந்தக் குரல்தான். நம் பெண் பிள்ளைகளைக் குரலை அடக்கியே வளர்த்துவிட்டோம். வகுப்புக்கு வரும் சிறுமிகள் முதல் நாள் கியாய் எழுப்பக் கூச்சப்பட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். மூன்றாம் மாதம் தகரக் கூரை அதிரும். அந்த நாளுக்காகவே நான் கற்பிக்கிறேன்.

மணிக்கட்டை ஒருவன் பிடித்தால் பின்னால் இழுக்கக் கூடாது, அவன் பலசாலி என்றால் இழுபட்டுப் போவோம். அவனுடைய கட்டைவிரல் நுனியும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடத்தில்தான் பிடி தளர்வு. முழங்கையை அவன் பக்கமாகக் கொண்டுபோய், நம் மணிக்கட்டின் ஒடுங்கிய பக்கத்தை அந்த இடைவெளி வழியே சட்டென்று வெளியே எடுக்க வேண்டும். எடுத்த உடனே ஓட வேண்டும். நின்று சண்டை போடச் சொல்லி நான் எந்தப் பிள்ளைக்கும் கற்பிப்பதில்லை.

கறுப்புப் பட்டி வாங்க எத்தனை ஆண்டு ஆகும்? எவ்வளவு செலவாகும்? (ஒரு தந்தை, பொகவந்தலாவை)

ஒழுங்காக வந்தால் நான்கைந்து ஆண்டுகள் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். இரண்டு ஆண்டில் தருகிறேன் என்று எவராவது சொன்னால் பிள்ளையை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

பட்டி முறையே கராத்தேக்கு இரவல் வந்ததுதான். ஜூடோவை நிறுவிய ஜிகோரோ கானோ வகுத்த படிநிலைகளைப் பின்பற்றி, 1924இல்தான் ஃபுனாகோஷி தம் மாணவர் சிலருக்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டி வழங்கினார். கறுப்புப் பட்டியின் படிகளுக்கு டான் என்று பெயர், முதல் டானுக்கு ஷோடான் என்று பெயர். தொடக்கப் படி என்பதே அதன் பொருள்.

செலவைப் பற்றி ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டும். நான் பிரவுண் பட்டியில் இருந்தபோது ஒரு தேர்வுக்காக அப்பா கடன் வாங்கிப் பணம் கட்டினார். தேர்வு நடந்தது, தேறினேன் என்று வாயால் சொன்னார்கள், சான்றிதழ் வரவே இல்லை. கேட்கக் கொழும்புக்குப் போன பஸ் செலவும் வீண். அந்தக் கடனை அப்பா நாட்சம்பளத்தில் ஒன்பது மாதம் அடைத்தார். இன்றும் அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. ஆகவே சேருமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மாதக் கட்டணம் எவ்வளவு, ஒவ்வொரு தேர்வுக்கும் எவ்வளவு, சான்றிதழ் எந்த அமைப்பின் பெயரில், எத்தனை நாளில் வரும். எழுத்தில் தர மறுக்கிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

உதைக்கும்போது முழங்கால் வலிக்கிறது. பொறுத்துக்கொண்டு செய்யலாமா? (இளைஞர், நுவரெலியா)

செய்யாதீர்கள். நான் பொறுத்துக்கொண்டு செய்தவன். 2009இல், மழைக்காலத்தில், ஈரம் காயாத சிமெந்துத் தரையில் மாவாஷி கெரி, அதாவது சுழன்று வரும் பக்க உதை, பயின்றுகொண்டிருந்தேன். உதைக்கும் கால் சுழன்றது. ஊன்றிய கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. இடையில் அகப்பட்டது முழங்கால். உள்ளே குருத்தெலும்பு கிழிந்து, எட்டு மாதம் உதையே இல்லை. அதற்கு முன் ஓராண்டாக அந்த முழங்கால் எனக்கு வலித்துச் சொல்லிக்கொண்டே இருந்தது.

முழங்கால் மடங்கி நிமிரப் படைக்கப்பட்ட மூட்டு. முறுக்குவதை அது தாங்காது. அதனால் உதைக்கும்போது ஊன்றிய காலின் குதியைச் சற்றே தூக்கி, முன்பாதத்தில் திருப்ப வேண்டும். உதை இலக்கை அடையும்போது குதி இலக்கை நோக்கியிருக்க வேண்டும். முன்னால் காலை மடக்கி நிற்கும் நிலையிலும் முழங்கால் கால்விரல்கள் காட்டும் திசையிலேயே இருக்க வேண்டும், உள்பக்கம் சாயக் கூடாது. வகுப்பில் நான் அதிகம் திருத்துவது இதைத்தான்.

உங்கள் ஊர் ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் தசை இறுகியிருக்கும். உடம்பில் மெல்லிய வியர்வை வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் நடந்து, குதித்து, மூட்டுகளைச் சுழற்றுங்கள். அசையாமல் நீட்டிப் பிடிக்கும் பயிற்சியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் வலி போகாவிட்டால், முழங்கால் வீங்கினால், பூட்டிக்கொண்டால் வைத்தியரிடம் போங்கள்.

நம் முன்னோர் கொண்டுவந்த சிலம்பம் இருக்கும்போது ஜப்பான் கலை எதற்கு? (ஓய்வுபெற்ற ஆசிரியர், பண்டாரவளை)

ஐயா, சிலம்பத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. என் தாத்தா காமன் கூத்து நாட்களில் கம்பு சுழற்றுவார். அவர் கால் வைத்த முறையை நினைவில் வைத்துத்தான் நான் இன்றும் பக்கம் விலகுகிறேன்.

ஆனால் ஒன்று. கராத்தே பிறந்த ஒகினாவா ஒரு சிறு தீவு. தனி மொழி, தனி அரசு என்று இருந்த, ஒகினாவாவை உள்ளடக்கிய ரியூக்யூவை 1879இல் ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. சீனத்துக் கைப்போர் முறைகளோடு உள்ளூர் முறைகள் கலந்து வளர்ந்த கலையை அந்த மக்கள் கைவிடவில்லை. 1901இல் இட்டோசு அதைப் பாடசாலைக்குள் கொண்டுபோனார். அதற்காகவே பின்னர் சிறு காட்டாக்களையும் வகுத்தார். இன்று நம் பிள்ளைகள் முதலில் கற்கும் ஹெய்யான் வரிசை அவற்றிலிருந்து வந்ததுதான். சிலம்பத்துக்கும் அப்படி ஒருவர் வேண்டும் ஐயா. உங்கள் பாடசாலையில் தொடங்குவதானால் நான் கம்போடு வருகிறேன்.

கைத்தொலைபேசியில் காணொளி பார்த்தே கற்கலாமா? (மாணவி, ஹப்புத்தளை)

தனியாகத் தொடங்க முடியாது, தொடர முடியும். 2020இல் ஊரடங்கு வந்தபோது எங்கள் வகுப்பு முழுவதும் தொலைபேசிக்கு மாறியது. சிக்னல் கிடைத்த ஒரே இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து மேடு. அங்கே நின்று பிள்ளைகள் அனுப்பும் பதிவுகளைப் பார்த்துத் திருத்தினேன். பதுளையிலும் கண்டியிலும் வேறு பாணி பயிலும் நண்பர்களும் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். அவர்களால் என் கண்ணுக்குப் படாத பிழைகள் தெரிந்தன. பிறரைப் பார்ப்பதைவிட உன்னைப் பதிவுசெய்து நீ பார், தங்கச்சி. முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று. பிறகு ஆசிரியருக்குக் காட்டு.

ஒலிம்பிக்கில் கராத்தே இருக்கிறதா? (தரம் 7 மாணவன், ஹட்டன்)

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்தது. 2024 பரிஸில் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் 1994 முதல் இருக்கிறது. நீ அதைக் குறிவை.

எனக்கு நாற்பத்தாறு வயது. தொழிற்சாலையில் இரவு வேலை. இனிமேல் தொடங்க முடியுமா? (தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், தலவாக்கலை)

முடியும் அண்ணா. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தாழ்ந்து நிற்கும் நிலைகளை உங்களுக்கு ஒரு சாண் உயர்த்திக் கற்பிப்பேன், உதை இடுப்புக்கு மேல் வேண்டாம். முதல் காட்டாவான ஹெய்யான் ஷோடானில் 21 அசைவுகள், மாதத்துக்கு ஐந்து என்று போவோம். இரவு வேலை முடிந்த காலையில் வராதீர்கள், தூங்குங்கள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வாசிகசாலை மண்டபம் திறந்திருக்கும். வெள்ளை உடை இப்போது வாங்க வேண்டாம், தளர்ந்த காற்சட்டை ஒன்றும் துவாயும் கொண்டுவாருங்கள்.