‘சும்மாவே சமன் செய்து தருகிறேன்’

நாங்குநேரிப் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “மூன்று ஏக்கர் செவ்வல் (செம்மண்) புஞ்சை. மேட்டு நிலக்காரர் பனைகளை வெட்டி, வரப்பை இடித்து மனை போட்டுவிட்டார். 2023 டிசம்பர் மழையில் என் நிலத்தின் நடுவே இடுப்பளவு பள்ளம் விழுந்தது. மேல்மண்ணை எடுத்துக்கொண்டு செலவில்லாமல் சமன் செய்து தருவதாக ஜேசிபிக்காரர் ஒருவர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?”

வேண்டவே வேண்டாம். ஒரு ஏக்கரில் ஓர் அடி மண் என்பது 1,200 கனமீட்டருக்கு மேல். டிராக்டரில் 400 நடை. உங்கள் பள்ளம் முழுவதும் சேர்ந்தால்கூட மழை அவ்வளவு மண்ணைக் கொண்டுபோயிருக்காது. செவ்வலுக்கு அடியில் இருப்பது சரளைக்கல். அதில் உளுந்துகூட முளைக்காது. கனிமவளத் துறை அனுமதியில்லாமல் பட்டா நிலத்து மண்ணையும் வெளியே கொண்டுபோகக் கூடாது. லாரி பிடிபட்டால் ஜேசிபிக்காரர் கைப்பேசியை அணைத்துவிடுவார். அதிகாரிகள் தேடி வருவது பட்டாதாரரான உங்களைத்தான்.

அந்த மழை அசாதாரணமானதுதான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ.; நம் நெல்லைச் சமவெளியில் வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு ஈரத்தைக் கூடுதலாகச் சுமக்கும். இனிக் கொட்டினால் மொத்தமாகத்தான் கொட்டும். ஆனாலும் பழியை மழைமேல் மட்டும் போட எனக்கு மனமில்லை. பனை வேரும் பழைய வரப்பும் இருந்திருந்தால் தண்ணீர் இவ்வளவு வேகத்தோடு உங்கள் நிலத்தில் இறங்கியிருக்காது.

பள்ளத்தை மண் போட்டு மூடாதீர்கள். அடுத்த மழையில் அதுவும் போய்விடும். குறுக்கே சில இடங்களில் கல் அடுக்குங்கள், நடுவில் தாழ்வாக. வண்டல் தானே படியும். சாய்வுக்குக் குறுக்கே வரப்பு போடுங்கள். குளத்தில் மிகுதித் தண்ணீர் வழிய மறுகால் இருப்பதுபோல வரப்புக்கும் கல் பதித்த மறுகால் வேண்டும். உழவும் குறுக்கே ஓடட்டும். டிராக்டர்காரர் திருப்பங்களைக் குறைக்க நீளவாக்கில் சாய்வோடு உழுவார், நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலத்தின் அடிக்கோடியில் கரிசல் இருந்தால் மட்டும் கதை வேறு. சங்கரன்கோவில், கோவில்பட்டிப் பக்கம் இதைத் தெரியாமல் பணத்தைக் கரைத்தவர்கள் பலர். கோடையில் கரிசல் வரப்பு வெடித்துவிடும். முதல் மழைத் தண்ணீர் வெடிப்புக்குள் புகும், வரப்பே உடையும். ஆகவே அங்கே தண்ணீரைத் தேக்கக் கூடாது. லேசான சரிவில் வரப்பை ஓட்டித் தண்ணீரை ஓடைக்கு மெதுவாக அனுப்ப வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், கரிசலில் தேக்காதீர்கள்.

மேட்டு நிலக்காரர்மேல் மனு கொடுக்கலாம். வருவாய்த் துறை ‘இது சிவில் தகராறு’ என்னும். வேளாண் அலுவலகம் ‘வருவாய்த் துறையைப் பாருங்கள்’ என்னும். பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டுமென்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள்; வெட்டுகிறவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. உங்கள் புல எண்ணுக்கான நில அளவை வரைபடமான புலப்படத்தின் நகல் வாங்கி, பழைய நீர்வழி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மனுவுக்குப் பலம் உண்டு.

இயந்திரம் தேவையென்றால் வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குத் தருகிறது, தரகர் தேவையில்லை. ஆவணிக்குள் வரப்பை முடித்து, முதல் ஈரத்தில் அதன்மேல் கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவிவிடுங்கள். ஐப்பசி அடைமழைக்குள் அது வேர் பிடித்திருக்க வேண்டும்.